அவுட்போர்டு எஞ்சினின் விவரங்கள் சார்ட் பிளாட்டர் திரையில்: படகு உரிமையாளர்களுக்கு ஒரு பாடம்

படகு வாங்கவோ புதுப்பிக்கவோ கடன் கோரும் வாடிக்கையாளர்கள் அளிக்கும் விலைப்புள்ளிகளில் இரண்டு இனங்கள் அடுத்தடுத்து இடம்பெறுவதைக் காண்கிறோம். ஒன்று, நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். மற்றொன்று, கடல் வரைபடத்தின் மீது படகின் இருப்பிடத்தைக் காட்டும் சார்ட் பிளாட்டர் திரை. இரண்டும் விலை மிகுந்தவை. ஆயினும் இவ்விரண்டையும் இணைக்கும் கருவி பல விலைப்புள்ளிகளில் இடம்பெறுவதில்லை. அதனால் எஞ்சினுக்குள் நிகழ்வனவற்றைத் திரை அறியாது, படகோட்டியும் அறியமாட்டார்.

கோவாவின் சுற்றுலாப் படகுகள், அந்தமானின் முக்குளிப்புப் படகுகள், இலட்சத்தீவின் பயணப் படகுகள், கரையோர மீன்பிடிப் படகுகள் ஆகிய அனைத்திற்கும் இந்த இணைப்பு பயன் தரக்கூடியது. அவுட்போர்டு எஞ்சின் கடல்நீரை உறிஞ்சியே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. நீர் நுழையும் துளையை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டால் எஞ்சினின் வெப்பம் விரைவில் ஏறும். அந்த எச்சரிக்கை கண்ணெதிரே உள்ள திரையில் தோன்றினால் எஞ்சினை உடனே நிறுத்தலாம். கவனிக்கத் தவறினால் எஞ்சின் பழுதடையும். கடன் தவணை நிற்காது, வருவாய் நின்றுவிடும்.

பொது மொழி

இன்றைய படகுக் கருவிகள் பெரும்பாலும் என்.எம்.இ.ஏ. 2000 என்னும் தரத்தின்படி தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் வகுத்த தரம் இது. மோட்டார் வாகனங்களில் பயன்படும் கேன் பஸ் முறையே இதன் அடிப்படை. இதற்கு முந்தைய என்.எம்.இ.ஏ. 0183 தரத்தில், ஒரு கருவி பேச மற்றவை கேட்கும். புதிய தரத்திலோ எல்லாக் கருவிகளும் ஒரே கம்பித் தொடரில் பேசவும் கேட்கவும் இயலும்.

எஞ்சினின் சுழற்சி வேகம், வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம், மின்னழுத்தம், மணிக்கு எரியும் எரிபொருள், மொத்த ஓட்ட நேரம், எச்சரிக்கைகள் ஆகியவை இவ்வழியே திரைக்கு வரும். இவற்றுள் எவையெவை வரும் என்பது எஞ்சினின் மாதிரியைப் பொறுத்தது.

எந்த எஞ்சினை இணைக்கலாம்?

மின்னணுக் கட்டுப்பாட்டுடன் எரிபொருளைச் செலுத்தும் எஞ்சின்களில் இந்த விவரங்கள் முன்னரே உருவாகின்றன. அவற்றை வெளியே எடுக்கும் வழிதான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. சில மாதிரிகளுக்கு உற்பத்தியாளரின் இணைப்புக் கம்பி ஒன்றே போதும். மெர்க்குரியின் ஸ்மார்ட்கிராஃப்ட், யமஹாவின் கமாண்ட் லிங்க் போன்று நிறுவனத்தின் சொந்த மொழியில் பேசும் எஞ்சின்களுக்கு, அம்மொழியைப் பொது மொழியாக மாற்றும் கேட்வே என்னும் சிறு பெட்டி தேவை.

கார்புரேட்டர் பொருத்திய பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இத்தகைய கணினி இல்லை. சுழற்சித் துடிப்புகளையும் உணரிகளின் அளவுகளையும் படித்து மாற்றித் தரும் தனிக் கருவிகள் உள்ளன. எனினும் சிறிய எஞ்சினுக்கு அச்செலவு தகுமா என்று கணக்கிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

திரையையும் ஆராய வேண்டும். விலை குறைந்த சில சார்ட் பிளாட்டர்களில் என்.எம்.இ.ஏ. 2000 துளையே இராது. துளை இருந்தாலும், எஞ்சின் விவரங்களைக் காட்டும் வசதி அந்த மாதிரியில் உண்டா என்பதை அதன் கையேட்டில் உறுதி செய்துகொள்வது நன்று.

கம்பித் தொடரின் அமைப்பு

படகின் நீளவாக்கில் ஒரு முதன்மைக் கம்பி செல்லும். அதில் 'டி' வடிவ இணைப்பான்கள் பொருத்தப்படும். ஒவ்வொரு 'டி'யிலிருந்தும் ஒரு கிளைக் கம்பி ஒரு கருவிக்குச் செல்லும். எஞ்சினுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என மூன்று 'டி'க்கள் சிறு படகுக்குப் போதும். கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் நான்கு.

1. முதன்மைக் கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை கொண்ட டெர்மினேட்டர்கள் இருக்க வேண்டும். இரண்டுக்குக் குறையவும் கூடாது, மிகவும் கூடாது.

2. எந்தக் கிளைக் கம்பியும் 6 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. திரை தொலைவில் இருந்தால் முதன்மைக் கம்பியையே நீட்ட வேண்டும்.

3. சிறு படகின் தொடருக்கு 12 வோல்ட் மின்சாரம் ஒரே இடத்தில், ஃபியூஸ் வழியாகவும் சுவிட்ச் வழியாகவும் வர வேண்டும். சுவிட்ச் இல்லையெனில் படகு கரையில் நிற்கும் நாட்களிலும் பேட்டரி சிறிது சிறிதாக வடியும்.

4. எஞ்சினின் கம்பிக் கட்டை வெட்டி ஒட்டக்கூடாது. உற்பத்தியாளரின் இணைப்பானையே பயன்படுத்த வேண்டும். வெட்டி ஒட்டிய இடத்தில் உப்புநீர் அரிப்பு தொடங்கும். எஞ்சினுக்கான உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகலாம்.

வேலை முடிந்ததும் எளிய சோதனை ஒன்றைச் செய்யச் சொல்லலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெள்ளை, நீல நிறத் தகவல் கம்பிகளுக்கிடையே மல்ட்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். ஏறத்தாழ 60 ஓம் காட்டினால் இரு டெர்மினேட்டர்களும் சரியாக உள்ளன. 120 காட்டினால் ஒன்று இல்லை. 40 காட்டினால் ஒன்று மிகுதியாக உள்ளது.

திரையில் செய்ய வேண்டியவை

கம்பி இணைந்ததும் எஞ்சின்களின் எண்ணிக்கையைத் திரையில் பதிய வேண்டும். இரட்டை எஞ்சின் படகில் இடப்பக்க எஞ்சினுக்கும் வலப்பக்க எஞ்சினுக்கும் தனித்தனி அடையாள எண் தரப்பட வேண்டும். இல்லையெனில் இரண்டின் அளவுகளும் ஒரே முள்ளில் மாறி மாறித் தோன்றும்.

எரிபொருள் இருப்பில் தனிக் கவனம் தேவை. எஞ்சின் எரித்த அளவையே தெரிவிக்கிறது. தொட்டியில் மீதமுள்ளதை அது அறியாது. தொட்டியில் மட்ட உணரி இல்லாவிடில், நிரப்பிய அளவிலிருந்து எரிந்த அளவைக் கழித்தே திரை இருப்பைக் காட்டும். 40 லிட்டர் மட்டும் ஊற்றிவிட்டு 'தொட்டி நிறைந்தது' என்று பதிந்தால், நடுக்கடலில் அந்த எண் பொய்யாகும். போகப் பாதியும் திரும்பப் பாதியும் என்று கணக்கிடாமல், போக மூன்றில் ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, இருப்பாக ஒரு பங்கு என்னும் வழக்கத்தைத் திரை வந்த பின்னும் கைவிடலாகாது.

கணக்கு கூறும் பயன்

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஒரு படகு 18 நாட் வேகத்தில் மணிக்கு 27 லிட்டரும், 22 நாட் வேகத்தில் மணிக்கு 39.6 லிட்டரும் எரிக்கிறது எனக் கொள்வோம். எரிபொருள் அளவை வேகத்தால் வகுத்தால், கடல் மைல் ஒன்றுக்கு முறையே 1.5 லிட்டரும் 1.8 லிட்டரும் செலவாகின்றன. போக 20, வர 20 என 40 கடல் மைல் பயணத்துக்கு 60 லிட்டரும் 72 லிட்டரும் ஆகும். வேறுபாடு 12 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் பயணம் ஒன்றுக்கு 1,200 ரூபாய். மாதம் 20 பயணங்களுக்கு 24,000 ரூபாய். மெதுவாகச் சென்றதால் ஒரு பயணத்தில் கூடிய நேரமோ ஏறத்தாழ 24 நிமிடம்தான். இருப்பிட அறிகருவி தரும் வேகமும் எஞ்சின் தரும் எரிபொருள் அளவும் ஒரே இடத்தில் சேரும்போது, இந்த வகுத்தலைத் திரையே செய்துகாட்டும்.

ஓட்ட நேரப் பதிவும் பயன் மிக்கது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றிற்கு முதல் 20 மணி நேரத்திலும், பின்னர் ஒவ்வொரு 100 மணி நேரத்திற்கும் பராமரிப்பு பரிந்துரைக்கப்படுகிறது. பின்னாளில் படகை விற்கும்போது, ஓட்ட நேரமும் பராமரிப்புக் குறிப்பேடும் ஒத்திருந்தால் மதிப்பு குறையாது.

விலைப்புள்ளி பெறும்போது

எஞ்சினின் முழு மாதிரி எண்ணையும் திரையின் முழு மாதிரி எண்ணையும் எழுதித் தந்து, இரண்டும் இணையும் என்னும் உறுதியை விற்பனையாளரிடம் எழுத்தில் பெறுங்கள். இணைப்புக் கம்பி அல்லது கேட்வே, முதன்மைக் கம்பி, 'டி' இணைப்பான்கள், டெர்மினேட்டர்கள், ஃபியூஸ், பொருத்தும் கூலி ஆகியவை தனித்தனி இனங்களாக விலையுடன் இடம்பெறட்டும். கடன் அனுமதிக்கப்பட்ட பின் விடுபட்ட பொருளுக்குக் கைப்பணம் தேடுவதைவிட, தொடக்கத்திலேயே அதைத் திட்டச் செலவில் சேர்ப்பது எளிது. பொருத்திய பின் பட்டியல் ரசீதின் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அளித்து, புதிய கருவிகளைப் பாலிசியில் சேர்க்கக் கோருங்கள்.

கருவி பழுதாகும் நாளும் வரலாம். ஆகவே எஞ்சினிலிருந்து பீறிடும் குளிர்விப்பு நீர்த்தாரையை நோக்குவதும், தொட்டியை நேரில் பார்ப்பதும் புறப்படுமுன் செய்யும் கடமைகளாகவே இருக்கட்டும்.