மாமாக் கடையில் சொல்லி வாங்கணும்

மலேசியாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கடையில சாப்பாடு நல்லா இருக்கும்?" என்றுதான். பினாங்குப் பக்கம் பிறந்து, பிழைப்புக்காகப் பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்து, வெளிச் சாப்பாட்டில் பெரும்பகுதியை மாமாக் கடைகளிலேயே முடித்துக்கொள்பவன் நான். கடைப் பெயரைச் சொல்வதைவிட, எப்படி வேண்டும் என்று கேட்டு வாங்கச் சொல்லிக்கொடுப்பதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். இந்தக் கடைகளில் ஒரே ரொட்டி, ஒரே தேநீர், ஒரே சோறு பல விதமாக வரும். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாருக்கும் வருவதுதான் வரும். வாயைத் திறந்து சொன்னவருக்கு அவர் நாக்குக்கு ஏற்றது வரும். காசும் பெரும்பாலும் அதிகமாகாது.

தெரியாதவர்களுக்காக: மாமாக் கடை என்பது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. ராமநாதபுரம், கடையநல்லூர் பக்கங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் தொடங்கிய தொழில். பினாங்கில் தோளில் கழியைப் போட்டு, இரண்டு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுக்கொண்டு போய் விற்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் நாசி கண்டார். ஜார்ஜ் டவுனில் 1907-ல் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் அந்தச் சோற்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றையும் குறிப்பிட்டுச் சேர்த்தது. அதில் ரொட்டியும் தேநீரும் மாமாக் கடைச் சரக்கு. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை மறைக்கப்போவதில்லை. நம்மவர்கள் கையால் மாவடித்து வளர்த்ததை ஒரு நாடே தன்னுடையது என்று உலகத்தின் முன் வைத்தது.

உட்கார இடம் காட்ட யாரும் வரமாட்டார்கள். காலியாக இருக்கும் மேசையில் உட்கார்ந்துவிடலாம். ஆள் கூடினால் பக்கத்து மேசையை இழுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். உட்கார்ந்த வேகத்தில் ஊழியர் வந்து, "தண்ணி என்னா?" என்பார். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்கிறார். ஊரிலிருந்து வந்த என் சித்தப்பா "தண்ணி போதும்பா" என்று சொல்ல, பச்சைத் தண்ணீர்தான் வந்தது. அதனால் இந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொடுக்கிறேன்.

தே தாரிக் என்றால் கெட்டிப்பால் ஊற்றி, இரண்டு குவளைக்கு இடையே கை நீட்டி ஆற்றி, நுரை கட்டித் தருவது. அப்படியே விட்டால் இனிப்பு தூக்கலாக இருக்கும். "கூராங் மானிஸ்" என்று இரண்டு சொல் சேர்த்தால் இனிப்பைக் குறைத்துப் போடுவார்கள். பால் வேண்டாம் என்றால் "தே ஓ". சர்க்கரையும் வேண்டாம் என்றால் "தே ஓ கோசோங்". பால் வேண்டும், இனிப்பே வேண்டாம் என்றால் "தே சி கோசோங்". இதில் கெட்டிப்பாலுக்குப் பதிலாக இனிப்பில்லாத ஆவிப்பால் ஊற்றுவார்கள். வெயிலில் அலைந்து வந்திருந்தால் எலுமிச்சை பிழிந்த "தே ஓ ஐஸ் லிமாவ்" வாங்குங்கள். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் வேண்டுமென்றால் "ஆயர் சுவாம்". காப்பிக்கும் இதே கணக்குத்தான்.

இந்த இனிப்பு விஷயத்தை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. என் உறவிலேயே காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவில் ஒன்று என்று கெட்டிப்பால் தேநீர் குடித்துக் கால் விரலை இழந்தவர் உண்டு. "கூராங் மானிஸ்" என்று கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்கவே மாட்டார். அவருக்கு அது தினமும் கேட்கிற சொல்.

இனி ரொட்டி. என் மனம் நிற்கிற இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முடிந்தால் ரொட்டிக் கல் கண்ணில் படுகிற மாதிரி உட்காருங்கள். எண்ணெயும் மார்ஜரினும் பூசி ஊறவைத்த மாவு உருண்டைகள் தட்டில் வரிசையாக இருக்கும். ரொட்டி போடுபவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையால் அழுத்துவார். பிறகு விளிம்பைப் பிடித்து மேசைமேல் வீசுவார். நாலைந்து வீச்சில், அடியில் இருக்கும் மேசை தெரிகிற அளவுக்கு மாவு மெலிந்துவிடும். காற்றை உள்ளே வைத்து நான்கு பக்கமும் மடிப்பார். கல்லில் போட்டுத் திருப்பி, இரண்டு பக்கமும் பொன்னிறமானதும் எடுத்து, இரு கைக்கும் நடுவே வைத்து ஓங்கி ஒரு தட்டு. அந்தத் தட்டில்தான் அடுக்குகள் பிரியும். தட்டாமல் வருகிற ரொட்டி பலகை மாதிரி கிடக்கும்.

காலைக் கூட்டத்தில் சில கடைகளில் பாதி வேகவைத்து அடுக்கிவைத்து, கேட்கும்போது சூடுகாட்டித் தருவார்கள். அடுக்கு கண்ணில் பட்டால், "அண்ணே, புதுசாப் போட்டுக் கொடுங்க, காத்திருக்கேன்" என்று சொல்லுங்கள். எனக்கு ஒரு கடையிலும் இதை மறுத்ததில்லை. மொறுமொறுப்பு வேண்டுமென்றால் "காரிங்". முட்டை போட்டது "தெலூர்", வெங்காயம் போட்டது "பாவாங்". குழம்பை மேலேயே ஊற்றி ஊறவைக்க "பஞ்சிர்", அதாவது வெள்ளம். தனிக் கிண்ணத்தில் வேண்டுமென்றால் "ஆசிங்". எனக்குப் பிடித்தது: ரொட்டி காரிங்காக, பருப்பு தனியாக, ஓரத்தில் ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பால். மொறுமொறுப்பாகக் கேட்டுவிட்டு மேலே குழம்பை ஊற்றச் சொல்வதில் பயனில்லை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெறும் ரொட்டி ஒன்றரை வெள்ளி (ரிங்கிட்), இரண்டு வெள்ளிக்குள் முடிந்துவிடும். சம்பாலைக் கேட்டால்தான் தருவார்கள்.

நேரமும் முக்கியம். பல கடைகளில் மதியச் சோற்று நேரத்தில் ரொட்டிக் கல் ஓய்ந்துவிடும். நண்பகல் தாண்டிப் போய் ரொட்டி கேட்டால் இல்லை என்பார்கள். காலையில் பசியாறப் போங்கள், இல்லையென்றால் மாலைக்குப் பிறகு போங்கள். இரவு பத்து மணிக்கு மேல் கூட்டம் தணிந்திருக்கும்போது ரொட்டி போடுபவருக்கு நம்மைக் கவனிக்க நேரம் இருக்கும். என் அனுபவத்தில் நல்ல ரொட்டி கிடைப்பது அப்போதுதான்.

நாசி கண்டாருக்கு வேறு விதமான கவனம் வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் தட்டு தட்டாக இருக்கும்: பொரித்த கோழி, மீன், மாட்டிறைச்சி, கணவாய், மீன்முட்டை, முழுசாக வேகவைத்த வெண்டைக்காய், முட்டைக்கோஸ், பாகற்காய். விரலால் காட்டினால் தட்டில் வைத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் நான்கைந்து பாத்திரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பை எடுத்து ஊற்றுவார்கள். "குவா சம்பூர்" என்றால் எல்லாம் கலந்து. அந்தக் கலவையில்தான் நாசி கண்டாரின் ருசியே இருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் ஒரே குழம்பை மட்டும் கேட்டுவிட்டு, "இது நம்ம வீட்டுக் குழம்புதானே" என்று சொல்லிவிடுகிறார்கள். கலந்து கேளுங்கள்.

விலையில் ஏமாற்றம் வருவதும் இங்கேதான். சாப்பாட்டின் விலையைத் தட்டைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். சோறு, கோழி, ஒரு காய் என்றால் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்துப் பதினைந்து வெள்ளிக்குள் அடங்கும். பெரிய இறால், கணவாய்த் துண்டு, மீன்முட்டை இவற்றில் ஒன்று சேர்ந்தாலே தொகை எகிறிவிடும். ஒரு முறை ஊரிலிருந்து வந்த நண்பரின் தட்டில், அவர் கேட்காமலே ஒரு பெரிய இறாலையும் வைத்து, அதற்கே முழுச் சாப்பாட்டு விலையை எழுதிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது: கரண்டி தட்டுக்கு வருவதற்கு முன்பே, "இது எவ்வளவு?" என்று கேட்டுவிடுவது. தமிழ் தெரியாத ஊழியர் என்றால் "இனி பெராப்பா?" போதும். கேட்பது மரியாதைக் குறைவாகாது. நேர்மையான கடையில் பதில் உடனே வரும். பதில் இழுபட்டால் கோழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோழியில் ஒரு நுட்பம் உண்டு. தட்டில் இருக்கும் கோழியைக் காட்டாமல் ஒரு நிமிடம் அடுப்படியைப் பாருங்கள். புதிதாகப் பொரித்து எடுத்து வருவதைக் கண்டால் அதைக் கேட்டு வாங்குங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் மிச்சமிருக்கும் கறியை நான் தொடுவதில்லை. அந்த நேரத்தில் கேட்டதும் உடனே செய்கிற மாகி கோரேங், மீ கோரேங் போன்ற வறுத்த நூடுல்ஸ் பாதுகாப்பு. சுவரில் நகராண்மைக் கழகம் கொடுத்த தூய்மைச் சான்றிதழ் தொங்கும். ஏ, பி, சி என்று தரம் எழுதியிருக்கும். அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை வந்துவிட்டது. குழந்தைகளை அழைத்துப்போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியலில் "டாகிங்" என்று இருந்தால் கடைகளில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சி. ஆடு "கம்பிங்", கோழி "ஆயாம்". கறி அடைத்த முர்தபாக் வாங்கும்போதும் எந்தக் கறி என்று கேட்டுவிடுங்கள். சைவர்களுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. சம்பாலில் நெத்திலியோ, இறாலை அரைத்துச் செய்த பெலாச்சானோ இருக்கும். ரொட்டிக்கு ஊற்றும் பருப்போடு மீன் குழம்பைக் கலந்துவிடுவதும் வழக்கம். "பருப்பு மட்டும், வேற குழம்பு கலக்காதீங்க" என்று அழுத்திச் சொல்ல வேண்டும். கரண்டி மாறுவதும் சட்டி மாறுவதும் ஒப்பாதவர்கள் இங்கே சிரமப்பட வேண்டாம். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் போனால் சைவ உணவகங்கள் இருக்கின்றன. என் அத்தையை நான் அங்கேதான் அழைத்துப்போவேன்.

மேசைமேல் சின்னச் சின்னப் பொட்டலமாக நாசி லெமாக், ஒரு தட்டில் கறிபாப், பலகாரம் வைத்திருப்பார்கள். எடுத்துச் சாப்பிடலாம், எடுத்ததை மறக்காமல் கணக்கில் சொல்லிவிட வேண்டும். கிளம்பும்போது "கிரா" என்று சொன்னாலோ மேசையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டாலோ ஊழியர் வருவார். தட்டையும் டம்ளரையும் பார்த்து மனக்கணக்குப் போட்டு, துண்டுச்சீட்டில் எழுதி வைப்பார். பல கடைகளில் இப்போது கருவியில் தட்டிக் கொடுக்கிறார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு போய் வாசல் கல்லாவில் கட்ட வேண்டும். பெரிய கடைகளில் 6 விழுக்காடு சேவை வரி சேரும். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. கியூஆர் அட்டை பெரும்பாலும் எல்லாக் கடையிலும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சில்லறை நோட்டாக வைத்திருப்பது நல்லது.

நம்மிடம் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதும் ஊழியர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவராக இருக்கலாம், வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். நெடுநேரம் நின்றபடியே வேலை பார்க்கிறார்கள். சிலர் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். "அண்ணே", "தம்பி", அதுவும் தெரியாவிட்டால் "பாஸ்", இவற்றில் ஒன்று போதும். சாப்பிட்ட தட்டை மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தாலே அவருக்கு ஒரு நடை மிச்சம். ஒரே தேநீரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசலாம், பந்தாட்டம் பார்க்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பக்கத்துப் பக்கத்து மேசையில் நள்ளிரவு தாண்டி உட்கார்ந்திருக்கும் இடம் இந்த நாட்டில் இதைவிட எளிதாக எங்கேயும் கிடையாது. அதனாலேயே கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும் அப்படி நீட்டி உட்காருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மதியம் ஒரு மணிக்குத் தட்டோடு நிற்பவர்களுக்கு அந்த நாற்காலி வேண்டும்.

வீட்டுக்கு வாங்கிப்போவதற்கு "புங்குஸ்". நாசி கண்டாரைக் கட்டினால், தூரம் அதிகம் என்றால் குழம்பைத் தனிப்பையில் கேளுங்கள். பக்கத்தில்தான் வீடு என்றால் சோற்றின்மேலேயே ஊற்றிக் கட்டட்டும், அரைமணி ஊறினால் இன்னும் நன்றாக இருக்கும். தேநீரையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உறிஞ்சுகுழல் போட்டுத் தருவார்கள். காரில் தொங்கவிட ஒரு கொக்கி இருந்தால் சிந்தாது. ரொட்டியை மட்டும் கட்டி வாங்காதீர்கள். பொட்டலத்துக்குள் ஆவி பட்டு ஐந்தே நிமிடத்தில் துவண்டுவிடும். வீட்டில் இருப்பவருக்கும் ரொட்டி வேண்டுமென்றால் அவரையும் கடைக்கே அழைத்து வந்துவிடுங்கள்.