பிளந்த நகமும் உளூவும்

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரத்துச் சகோதரிகளின் கைகள் ஓயாத கைகள். எலுமிச்சை பறிப்பதும், நாற்று நடுவதும், பீடி சுற்றுவதும், பாத்திரம் துலக்குவதுமாக உழைக்கும் விரல்களில் நகம் பிளந்து போவது சகஜம். முன்பெல்லாம் துணியைச் சுற்றிக் கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். இப்போது நகப் பசை, மெல்லிய பட்டு ஒட்டு, அக்ரிலிக் பொடி, விளக்கொளியில் இறுகும் ஜெல் என்று பலவும் கடைக்கு வந்துவிட்டன. இவற்றால் நகத்தை ஒட்டிக் கொண்டால் உளூவும் குளிப்பும் நிறைவேறுமா என்று கேட்கப்படுகிறது. ஐவேளைத் தொழுகையும் இதில் அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே விளக்குவோம்.

சீர்செய்வது கூடுமா?

உடலில் ஏற்பட்ட பழுதைச் சரிசெய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. அர்ஃபஜா (ரலி) அவர்கள் குலாப் போரில் மூக்கை இழந்து வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார்கள். அது நாற்றமெடுக்கவே, தங்கத்தில் செய்து கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது வந்துள்ளது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கத்துக்கே தேவையின் போது அனுமதி கிடைத்தது. ஆகவே பிளந்த நகத்துக்கு வைத்தியம் செய்வதில் குற்றமில்லை. அழகுக்காக நீள நகம் ஒட்டுவது வேறு விஷயம். நகத்தை 40 நாளுக்கு மேல் வெட்டாமல் விடக் கூடாது என்ற நபிமொழியின் நோக்கத்துக்கே அது மாறானது.

தண்ணீர் சேர வேண்டும்

கைகளை முழங்கை வரை கழுவுவது அல்மாயிதா அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தால் ஃபர்ளானது. நகமும் கையைச் சேர்ந்ததே. ஒருவர் காலில் நகமளவு இடம் நனையாமல் விட்டதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று உளூவைச் செம்மையாகச் செய்யுமாறு கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஃபத்ஹுல் முயீன், உறுப்புக்கும் தண்ணீருக்கும் இடையே தடை இருக்கக் கூடாது என்கிறது. மெழுகு, உறைந்த எண்ணெய், காய்ந்து ஒட்டிய மருதோன்றி ஆகியவை தடை. மருதோன்றியின் நிறம் மட்டும் தங்கினால் தடையல்ல. இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். அக்ரிலிக்கும் ஜெல்லும் நகத்தின் மேல் இறுகிப் பிளாஸ்டிக் போன்ற ஓடாகி விடுகின்றன. அவை தடையே என்பதில் ஐயமில்லை. அவற்றோடு கடமையான குளிப்பும் நிறைவேறாது.

எடுத்தால் தீங்கு வரும் என்றால்?

பிளவு சதை வரை போய், ஒட்டை எடுத்தால் காயம் கிழியும் அல்லது ஆறுவது தாமதப்படும் என்ற நிலை வேறு. ஹனஃபி மத்ஹபின் நூருல் ஈளாஹ் இதையே பேசுகிறது. நகம் உடைந்து, அதன் மேல் மருந்தோ பிசினோ பித்தப்பைத் தோலோ வைத்தவர், எடுப்பது தீங்கானால் அதன் மேல் ஈரக் கையால் மஸ்ஹு செய்யலாம். அதுவும் தீங்கானால் விட்டுவிடலாம். ஹிஜ்ரி 1069-இல் வஃபாத்தான ஷுருன்புலாலி (ரஹ்) அவர்கள் காலத்துப் பிசினின் இடத்தில்தான் இன்றைய நகப் பசை நிற்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபினர் காயமில்லாத பகுதியைக் கழுவி, ஒட்டின் மேல் மஸ்ஹு செய்து, தயம்மும் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃபர்ளுத் தொழுகைக்கும் தயம்முமைப் புதுப்பிக்க வேண்டும். கை தயம்முமின் உறுப்பாதலால், குணமான பின் அத்தொழுகைகளை மீட்டித் தொழவும் வேண்டும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகம் புதிதாக வர ஏறத்தாழ 6 மாதம் ஆகும். ஒரு மாதம் ஒட்டு இருந்தாலே 150 ஃபர்ளுத் தொழுகைகள் மீட்ட வேண்டியவையாகி விடும்! ஒட்டுமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

செய்ய வேண்டியது

பிளவு நுனியில் மட்டும் இருந்தால் நகத்தை ஒட்ட வெட்டி, அரத்தால் தேய்த்து விடுங்கள். சற்று மேலே போயிருந்தால், வேலை நேரத்தில் துணியோ விரலுறையோ மாட்டி, உளூவின் போது கழற்றுங்கள். பெரும்பாலோருக்கு இதுவே போதும். மருத்துவர் ஒட்டியே தீர வேண்டும் என்றால், உளூவுடன் இருக்கும் போது, தேவையான இடத்தில் மட்டும் ஒட்டச் செய்யுங்கள். தேவையின்றி ஏற்கெனவே ஒட்டியவர்கள் பிய்த்து எடுக்க வேண்டாம். இயற்கை நகமும் சேர்ந்து உரியும். அசிட்டோனில் ஊற வைத்தால் நகப் பசையும் அக்ரிலிக்கும் இளகி வரும். ஊறினாலும் இளகாத சில ஜெல்களை அரத்தால் மெல்லத் தேய்த்தே எடுக்க வேண்டும்.

மாதவிடாய் நாள்களில் தொழுகை இல்லையே என்று ஒட்டிக் கொள்வோர், தூய்மைக் குளிப்புக்கு முன் அதை அகற்றியாக வேண்டும். மய்யித்தைக் குளிப்பாட்டும் சகோதரிகளும் விரல்களைக் கவனிக்கட்டும்.

கையை அழகாகவும் நலமாகவும் வைத்துக் கொள்வோம். அதே கையால் கட்டும் தக்பீர் வீணாகாமலும் பார்த்துக் கொள்வோம். வல்ல அல்லாஹ் நம் தூய்மையையும் தொழுகையையும் ஏற்றருள்வானாக. ஆமீன்.