இழுவைப் பெட்டியும் இலக்கத் தகடும்

மாட்டுவண்டியிற் புகையிலையும் வெங்காயமும் சந்தைக்குச் சென்ற காலத்தில் வண்டியின் அச்சின் கீழ் ஓர் அரிக்கன் விளக்குத் தொங்கும். வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும் பின்னே வருவோருக்கு அவ்விளக்கு வழி காட்டும். இன்று அவ்வேலையை உழவு இயந்திரமும், 'லாண்ட் மாஸ்ரர்' என்று குடாநாட்டில் வழங்கும் இருசில்லு இயந்திரமும் ஏற்றுக்கொண்டன. ஆயினும், விடியுமுன் சுன்னாகத்துக்கும் மருதனார்மடத்துக்கும் கொடிகாமத்துக்கும் மரக்கறி ஏற்றிச் செல்லும் பெட்டிகள் சிலவற்றிற் பின்விளக்கும் இல்லை. இலக்கத் தகடும் இல்லை.

கலப்பையைப் போன்று இயந்திரமும் ஒரு கமக் கருவிதானே, அதற்கு இலக்கம் எதற்கு எனக் கமக்காரர் சிலர் எண்ணுவர். அது தோட்டத்தினுள் நிற்கும் வரையில் அவ்வெண்ணத்தாற் பெரிய தீங்கில்லை. தெருவில் ஏறியதும் அது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்ட வாகனமாகிவிடுகின்றது. மேலும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இயந்திரத்தை வேறாகவும் இழுவைப் பெட்டியை வேறாகவும் பதிவு செய்கின்றது. இயந்திரத்தின் இலக்கம் பெட்டிக்கும் போதும் என்பது தவறான எண்ணமாகும். பட்டறையில் ஒட்டுவித்த பெட்டியைப் பதிவின்றியே தெருவிற் கொண்டுசெல்வோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இன்றைய முறைப்படி முன்தகடு வெள்ளையாகவும் பின்தகடு மஞ்சளாகவும் இருக்கும். இரண்டிலும் எழுத்துக் கறுப்பு. இருளில் எதிரே தோன்றும் வாகனம் வருகின்றதா, போகின்றதா என்பதை இந்நிற வேறுபாடு உணர்த்தும். ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணுக்கு வெள்ளையும் மஞ்சளும் ஒன்றே. மழைநாளில் உழுது திரும்பும் இயந்திரத்தின் தகடு, விளக்கு, செந்நிற ஒளித்தெறிப்பான் யாவும் ஒரே மண்ணிறமாய்ப் போகும். தெருவில் ஏறுமுன் ஒரு வாளி நீரும் பழந்துணியும் இருந்தாற் போதும். பலர் அதனையும் செய்வதில்லை. பூவரசங்குழையோ வைக்கோலோ ஏற்றும்போது சுமை பின்புறத்தில் தொங்கித் தகட்டை மூடாதிருக்கவும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

தகட்டிலுள்ள எழுத்துக்கு இக்குடாநாட்டிற் பெரியதொரு வரலாறு உண்டு. சிலோன் என்னும் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகளில் இரண்டிரண்டைச் சேர்த்து இலக்கம் வழங்கிய காலமொன்று இருந்தது. 1957 சனவரி முதல் புதிய வாகனங்களின் தகட்டிற் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பொறிக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்தது. பலர் தமிழ் எழுத்திற் 'ஸ்ரீ' பொறித்து வாகனம் ஓட்டினர். 1958இல் அரசுடைமையான பேருந்துச் சேவையின் வண்டிகள் சிங்கள எழுத்துடன் வடக்கே வந்தபொழுது அவ்வெழுத்தின் மீது தார் பூசப்பட்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்கும் அவ்வாறே தார் பூசப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி பண்டாரநாயக்கா–செல்வநாயகம் உடன்படிக்கை கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது. ஓர் எழுத்தின் பொருட்டு இவ்வளவும் நிகழ்ந்தன. பின்னர் எண்களை மட்டும் கொண்ட தகடுகளும், 2000ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தும் எண்ணுங் கொண்ட தகடுகளும் வந்தன. பழைய வாகனம் தன் பழைய இலக்கத்தையே வைத்திருக்கும். ஆதலால், 1990க்குப் பின் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் வயதை இன்றும் அவற்றின் தகட்டைக் கொண்டே கூறிவிடலாம்.

பொருள் ஏற்றும் லொறிக்கும் பேருந்துக்கும் தகுதிச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். தடை, திசைதிருப்பும் பகுதி, விளக்கு, ரயர், ஒலிப்பான் என்பவற்றைப் பரிசோதகர் சோதிப்பார். அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிடுவார். பரிசோதகர் ஒருநாள் மட்டுமே பார்ப்பார். எஞ்சிய நாள்களிற் பார்க்க வேண்டியவர் உரிமையாளரே. இருசில்லு இயந்திரத்திற் பூட்டிய பெட்டியில், ஓட்டுபவரின் காலடியிலுள்ள பிறேக்கே முழுச் சுமையையும் நிறுத்த வேண்டியிருக்கின்றது. வெறும்பெட்டியில் நன்றாகப் பிடிக்கும் பிறேக் இருபது மூடை ஏற்றியபின் பிடிக்குமென்பது நிச்சயமன்று. சுமையுடனேயே, மெதுவாக ஓட்டிச் சோதித்தல் வேண்டும். குடாநாட்டில் மலை இல்லையாயினும் பாலங்களின் இறக்கம் உண்டு. இறக்கத்திற் சுமை பின்னின்று தள்ளும்போது, திருப்புவதற்காகக் கைப்பிடியின் கிளச்சை அழுத்தினால் இயந்திரம் நினைத்த பக்கத்துக்கு மாறாகத் திரும்பக்கூடும். இதனை அறியாத இளைஞரிடம் கைப்பிடியைக் கொடுத்தல் ஆகாது. சேறடிக்கப் பூட்டிய இரும்புச் சில்லுகளுடன் தார்த்தெருவில் ஏறுதலும் ஆகாது. தெரு கெடுவதுடன் இயந்திரமும் வழுக்கும்.

பின்விளக்கைப் பற்றி மீண்டுஞ் சொல்ல வேண்டியுள்ளது. முன்விளக்கு ஓட்டுபவருக்குத் தெருவைக் காட்டுவதால் அதனை எவரும் பழுதுபார்ப்பர். பின்விளக்கு ஓட்டுபவருக்கு ஒன்றையுங் காட்டாது; ஆகையால் அது மறக்கப்படும். கண்டி வீதியில் விரைந்து வரும் லொறிக்கு, ஒளியற்ற பெட்டி தெரியும்போது நிறுத்துவதற்கு நேரம் இராது. மூடைகளின் மேல் வேலையாட்கள் அமர்ந்திருப்பின் நேரக்கூடியதைச் சொல்லத் தேவையில்லை. மின்கம்பி இழுக்க இயலாதவர், தகட்டின் இருபுறத்திலும் ஒளித்தெறிப்பானாவது பொருத்துதல் வேண்டும். அது விளக்குக்கு ஈடாகாது; ஒன்றுமில்லாததினும் நன்று.

பத்திரங்களுள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவை வருமான வரி அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் ஆகும். அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்திற் கிடைக்கும். காப்புறுதிச் சான்று இல்லாமல் அது வழங்கப்படமாட்டாது. பிறருக்கு நேரும் ஊறுக்கான காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. அது இன்றி ஒருவரை மோதினால், நட்டஈட்டுக்குத் தோட்டக்காணியே விலைபோக நேரும்.

பழைய இயந்திரம் வாங்குவோர் விலையைப் பேசுமுன் பதிவுப் புத்தகத்தைக் கேட்டல் வேண்டும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது பத்திரங்களை இழந்தோர் பலர். அதன்பின் கைமாறிய வண்டிகளிற் சில, முந்திய உரிமையாளர் பெயரிலேயே இன்றும் இருத்தல் கூடும். கையொப்பமிட்ட வெறும்படிவத்தை நம்பிப் பணங்கொடுத்தவர், விற்றவர் ஊரில் இல்லாதபோது பெயரை மாற்ற வழியின்றி அலைவர். அடிச்சட்டத்தில் வெட்டிய இலக்கத்தின்மேற் படிந்துள்ள மண்ணைச் சுரண்டி, அதனை எழுத்தெழுத்தாகப் புத்தகத்துடன் ஒப்பிட்டு, விற்பவரை யாழ்ப்பாணத்து மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்கு உடனழைத்துச் சென்று பெயர் மாற்றியபின்னரே முழுப் பணத்தையுங் கொடுக்கலாம்.