பல்லைத் தாங்கும் ஈறு

பல் நோய் என்றதும் சொத்தைப் பல்லே நம் மக்களின் நினைவுக்கு வருகிறது. ஆயினும், சொத்தையே இல்லாத பற்களை இழப்போரும் பலர். எமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஐம்பது வயதுக் குடியானவர் ஒருவர் பழுதற்ற பல்லொன்றைக் கையில் வைத்துக் காட்டி, “வலியே இல்லை ஐயா, தானாகக் கழன்று வந்துவிட்டது” என்றார். பல ஆண்டுகளாகப் பல் துலக்கும்போது இரத்தம் கசிந்ததாம். அதற்கு அஞ்சி ஈறுகளில் விரல் படாமலே துலக்கி வந்திருக்கிறார். தீங்கு வளர்ந்தது அதனால்தான்.

பல்லும் ஈறும் சேருமிடத்தில் நாள்தோறும் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் படிகிறது. அதனை அகற்றாவிடில் ஈறு சிவந்து வீங்கும். தொட்டால் இரத்தம் கசியும். நாளடைவில் படலம் இறுகிக் காரையாகிறது. நோய் முற்றினால் பல்லைப் பற்றியுள்ள எலும்பும் கரையும். கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை.

தொடக்க நிலையிலோ எளிதில் மீளலாம். நார்வே நாட்டவரான ஹரால்டு லோ என்னும் அறிஞரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1965-இல் வெளியிட்ட ஆய்வில் 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது நீங்கிற்று.

ஆகவே, இரத்தம் கண்டவர் துலக்குவதை விடலாகாது. மென்மையான தூரிகையால் ஈறுகளின் ஓரத்தையும் இதமாகத் துலக்க வேண்டும். செங்கற்பொடியும் மணலும் வேண்டா. புகை பிடிப்போருக்கு இரத்தக் கசிவு குறைவாக இருப்பதால் நோய் மறைந்தே வளரும். நீரிழிவுடையோர் இருமடங்கு விழிப்பாயிருத்தல் நன்று. இறுகிய காரையைப் பல் மருத்துவரே அகற்ற இயலும். காரையை எடுத்தால் பல் ஆடும் என்று அஞ்சுவோர் உளர். அந்த ஆட்டம் காரையின் மறைவில் முன்னரே தொடங்கிவிட்டதாகும். மேற்கூறிய குடியானவரும் இதனை உணர்ந்து, எஞ்சிய பற்களைக் காட்ட அரசு மருத்துவமனைக்குச் சென்றுவந்தார்.