தலையில் அடிபட்டால் எந்தப் பரீட்சை?

தலையில் அடிபட்டும் நினைவு தப்பாமல், கேட்ட கேள்விக்குத் தெளிவாய்ப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எந்தப் பரீட்சை தகும் என்று தீர்மானிக்குமுன், நாம் அறிய விரும்புவது மண்டைக்குள் ரத்தக்கசிவு உண்டா என்பதையா, அல்லது மூளை அதிர்ந்து அதன் தொழில் குன்றியிருக்கிறதா என்பதையா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கசிவைக் காட்டுவதில் சி.டி. ஸ்கேனுக்கு நிகரில்லை; வெறும் மூளையதிர்ச்சியிலோ அது பெரும்பாலும் ஒரு பழுதையும் காட்டாது.

அமெரிக்காவில் அரசாங்க அனுமதி பெற்றுள்ள கருவிகளுள் பிரெயின்ஸ்கோப் என்பது, 1924-இல் ஜெர்மானிய வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனித மூளையினின்று பதிவுசெய்த அதே மின்னலைகளை நெற்றியில் ஒட்டிய மின்முனைகளால் வாங்கி, ஸ்கேன் எடுத்தால் கசிவு தென்படக்கூடுமா என்று கணிக்கிறது. 18 முதல் 85 வயது வரையில் உள்ளோர்க்கு, அடிபட்ட மூன்று நாட்களுக்குள் உதவுவது. அநாவசியமான கதிர்வீச்சைத் தவிர்ப்பதே இதன் பெரும் பிரயோஜனம்.

2018-இல் அனுமதி பெற்ற ஐபாக்ஸ் வேறு வழியில் செல்கிறது. மோவாயைத் தாங்கியில் வைத்து, திரையின் ஓரங்களைச் சுற்றி நகரும் சிறு படத்தை 220 வினாடி பார்த்திருக்க வேண்டும். இரு கண்மணிகளும் இசைந்து தொடர்கின்றனவா என்பதைக் காமிரா பதிவுசெய்கிறது. அடிபடுமுன் எடுத்த பழைய அளவு எதுவும் இதற்கு வேண்டியதில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்; எத்தனை பேர் முன்கூட்டியே அப்படியொரு அளவு எடுத்து வைத்திருக்கிறார்கள்? ஆயினும் இதன் விடையைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. குறையில்லை என்று வந்தால், பார்வையின் இயக்கம் அதிர்ச்சியில்லாதவருடையதைப் போன்றது என்று கொள்ளலாம். குறை உண்டு என்று வந்தாலோ, அத்தகைய இயக்கம் அதிர்ச்சியில்லாதவரிடமும் காணப்படுமாதலால், அதை மாத்திரம் வைத்து நோயை நிச்சயிக்கலாகாது. மாறுகண் முதலிய குறை முன்பே உள்ளவர் அதை வைத்தியரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, விளையாட்டில் தலை மோதிய பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, வைத்தியர் சோதித்துக் கசிவுக்கு அறிகுறியில்லை என்று கண்ட பிறகு, 5 வயது முதல் 67 வரை ஏற்ற கண்சோதனையே பொருந்தும். ஸ்கேன் வேண்டுமா என்று ஐயுறும் நடுவயதினருக்கு மின்னலைச் சோதனை. விழுந்தபின் சிறிதேனும் நினைவு தப்பிய அல்லது மறதி கண்ட 65 வயதைக் கடந்தவர்களுக்கு, 2001-இல் வெளியான கனடா நாட்டு விதியும் ஸ்கேனையே சொல்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர்க்கும் நான் அதையே சொல்வேன்.

மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, வளர்ந்துகொண்டே போகும் தலைவலி, கைகால் தளர்ச்சி, ஒன்றுக்கொன்று அளவு மாறிய கண்மணி இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், இவ்விரண்டு கருவிகளையும் தேடிக்கொண்டிராமல், ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.