யாழ்ப்பாணத்திலிருந்து என்ன கொண்டு போறது?

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினால் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளையள் ஊருக்கு வந்து இறங்கிவிடுவார்கள். 25 நாள் திருவிழாவும் முடிந்து, திரும்பிப் போக இரண்டு நாள் இருக்கும்போதுதான் "அக்கா, அங்கை இருக்கிற ஆக்களுக்கு என்ன வாங்கிக்கொண்டு போறது?" என்ற கேள்வி வரும். பிறகு அவசரத்தில் பஸ் நிலையத்தடிக் கடைகளில் யானை தொங்குகிற சாவிக்கோர்வை, 'ஸ்ரீலங்கா' என்று அச்சடித்த ரீசேட், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தப் படம் என்று ஒரு பை நிறைய வாங்கிப் போவார்கள். இந்தச் சாமான் கண்டியிலும் கிடைக்கும், கட்டுநாயக்காவில் விமானம் ஏறப்போகிற கடைசி நிமிடத்திலும் கிடைக்கும். அம்பலாங்கொட முகமூடி அழகான பொருள்தான். அதை அம்பலாங்கொடைக்குப் போகிற நாளில் செதுக்குகிறவரிடமே வாங்குங்கோ. யாழ்ப்பாணத்துக்கு வந்தால் யாழ்ப்பாணத்து மண்ணில் விளைந்ததை, யாழ்ப்பாணத்துக் கை செய்ததைக் கொண்டு போங்கோ.

கடையில் எதையாவது கையில் எடுத்தவுடன் விலையைக் கேட்காமல் வேறு மூன்று கேள்வி கேளுங்கோ. இது எந்த ஊரில் செய்தது? ஆர் செய்தது? வீட்டில் இதை எதுக்குப் பாவிக்கிறது? மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் நம்பி வாங்கலாம். முதல் கேள்விக்கே "எல்லாம் வாறதுதான்" என்று பதில் வந்தால் வைத்துவிட்டு வாங்கோ.

எங்களுக்கு முதல் பொருள் பனைதான். யுத்த காலத்தில் காப்பரணுக்கும் பதுங்குகுழிக்கும் என்று தோப்புத் தோப்பாகத் தறித்தபின்னும் மிஞ்சி நிற்கிற மரம் இது. அதன் ஓலையில் எங்கள் பெண்கள் இழைக்கிற பெட்டி, கடகம், சுளகு, கொட்டைப்பெட்டி, அடுக்குப்பெட்டி எல்லாம் அலங்காரத்துக்கென்று பிறந்தவை இல்லை. நெல் அளக்க, மா அரிக்க, வெற்றிலை வைக்க, சந்தைக்குக் கொண்டுபோக என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. வேலைக்குச் செய்த பொருளில் ஒரு வடிவு தானாக வந்து சேர்ந்திருக்கும். அதைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

நல்ல இழைப்பை எப்படி அறிவது? வெளிப்புறத்தைப் பார்த்து மயங்காமல் பெட்டியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கோ, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கோ. ஓலை நுனிகள் உள்ளே மடித்துச் செருகப்பட்டிருக்க வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டி விட்டிருந்தால் கொஞ்ச நாளில் பிரியும். விளிம்பை இரண்டு விரலால் அழுத்தினால் நெகிழ்ந்து, விட்டவுடன் பழைய இடத்துக்கு வர வேண்டும். சாயம் போட்ட ஓலை என்றால் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கோ. நிறம் ஒட்டினால் சூட்கேசுக்குள் இருக்கிற உடுப்பெல்லாம் பழுதாகும். இப்போது பிளாஸ்டிக் நாரால் பின்னின கூடைகளும் ஓலைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். தூரத்தில் ஒரே மாதிரித் தெரியும், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் விளங்கிவிடும். காய்ந்த ஓலைக்கு ஒரு தனி வாசம் உண்டு.

ஈரம் உள்ள ஓலை இன்னொரு பிரச்சினை. தொட்டால் குளிர்ந்து, கொஞ்சம் பச்சை நிறமாக இருந்தால் அது இன்னும் காயவில்லை. அப்படியே பொலித்தீனில் சுற்றி வைத்தால் போய்ச் சேருகிறபோது பூஞ்சணம் பிடித்திருக்கும். வாங்கினவுடன் முற்றத்தில் ஒரு நாள் வெயில் காட்டி, கடதாசியில் சுற்றுங்கோ. அடுக்குப்பெட்டியில் ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதால் ஒரு பெட்டியின் இடத்தில் நாலு பெட்டி கொண்டு போகலாம். நடுப்பெட்டிக்குள் காலுறைகளை அடைத்துவிட்டால் நசியாது.

என்னிடம் ஒரே ஒரு பொருள் சொல் என்றால் நீத்துப்பெட்டி என்பேன். பிட்டு அவிக்கிற அந்தக் கூம்புப் பெட்டி கைக்கு அடக்கமானது, பாரமில்லை, உடையாது, விலையும் கூட இல்லை. அலுமினியக் குழலில் அவித்த பிட்டுக்கும் ஓலையில் அவித்த பிட்டுக்கும் உள்ள வித்தியாசம் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். சமையலுக்கு வாங்குவதென்றால் சாயம் போடாத, வெள்ளோலையில் இழைத்ததைத்தான் வாங்க வேண்டும். முதல் தரம் பாவிக்கமுன் சுடுதண்ணியில் ஊறவைத்துக் கழுவி, வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ நன்றாகக் காயவிடச் சொல்லுங்கோ. இந்தக் கடைசி வசனத்தை ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்தால், பரிசைப் பெறுகிறவர் அதைச் சுவரில் கொழுவாமல் அடுப்பில் ஏற்றுவார்.

அடுத்தது பனங்கட்டி. கருப்பநீரைக் காய்ச்சி, சின்ன ஓலைக் குட்டானில் ஊற்றி இறுகவைத்தது. பொருளும் அதைச் சுற்றின பொதியும் ஒரே மரத்தில் இருந்து வருகிற இந்தப் பரிசுக்கு வேறு அலங்காரம் தேவையில்லை. குட்டானை உரித்து எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் டப்பாவில் போடாதேங்கோ. சீனி கலந்த பனங்கட்டி இப்போது தாராளமாக விற்பனையில் இருக்கிறது. அது வெளிறி, கல்லுப்போல இறுகி, வெறும் இனிப்பாக இருக்கும். அசல் பனங்கட்டி கருமண்ணிறம். இனிப்பு இறங்கினபிறகு நாக்கில் ஒரு மெல்லிய உவர்ப்பு நிற்கும். மழைக்காலத்தில் கசியும், அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்கார நண்பர்களுக்கும், கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொடுக்க இதைவிட நல்ல பொருள் நான் கண்டதில்லை. "தேத்தண்ணியோடு ஒரு சின்னத் துண்டைக் கடித்துக் குடியுங்கள்" என்று சொன்னால் போதும்.

ஒடியலும் பனாட்டும் எல்லாருக்கும் ஏற்ற பரிசு இல்லை. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். ஒடியல் மாவை அந்நியருக்குக் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் அலுமாரியில் கிடந்து பழுதாகும். ஆனால் பல வருடமாக ஊர் காணாத ஒரு பெரியம்மாவுக்கு ஒரு கிலோ ஒடியல் மா கொண்டுபோய்ப் பாருங்கோ, அந்தக் கிழமையே கூழ் காய்ச்சி ஊராரைக் கூப்பிடுவா. புழுக்கொடியல் வாங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பி ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கோ, வண்டு குத்தினது அப்படித்தான் தெரியும். பனாட்டு, பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்து எடுப்பது. ஆவணி கழிந்து வாங்கினால் புதுசாகக் கிடைக்கும். பாணிப் பனாட்டு என்றால் போத்தல் மூடியை இறுக்கி, இரண்டு பைக்குள் போடுங்கோ.

எங்கே வாங்கலாம்? 1978இல் தொடங்கின பனை அபிவிருத்திச் சபையின் 'கற்பகம்' விற்பனை நிலையங்களில் பனைப் பொருள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், விலையும் நிலையானது. முதல் தரம் வருகிறவர்கள் அங்கே போய்த் தரத்தையும் விலையையும் பழகிக்கொண்டு, பிறகு திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போகலாம். இழைக்கிற பெண்ணிடமே நேரடியாக வாங்க வாய்த்தால் அதுதான் உத்தமம். அங்கே பேரம் பேசாதேங்கோ. ஓலை வெட்டுவித்து, காயவைத்து, வார்ந்து, சாயம் காய்ச்சி, முதுகு நோக இருந்து இழைத்த பொருளை, வெளிநாட்டுக் காசை உள்ளூர்க் காசாக்கிக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்வது எனக்குப் பொறுக்காது. இந்தக் கைவேலை அடுத்த தலைமுறைக்கும் இருக்க வேண்டுமென்றால், இழைத்தால் சோறு கிடைக்கும் என்று அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தூள் எல்லாரும் கொண்டு போவதுதான். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து அரைத்த கருஞ்சிவப்புத் தூள். பளிச்சென்று சிவந்திருந்தால் அது எங்கள் தூள் இல்லை. பைக்கற்றில் அடைத்ததை விட்டுவிட்டு, சாமானை வாங்கி வீட்டில் வறுத்து, மில்லில் அரைப்பியுங்கோ. அரைத்துவந்த தூளைப் பரப்பிச் சூடு முழுக்க ஆறவிட்டபிறகே கட்ட வேண்டும், சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கட்டிபடும். அரைக் கிலோப் பொதிகளாகப் பிரித்தால் பங்கிடவும் சுகம். ஆருக்கு எவ்வளவு உறைப்பு என்று கேட்டு அரைப்பித்தால் இன்னும் நல்லது.

பருத்தித்துறை வடை, எள்ளுப்பாகு, பயத்தம் பணியாரம், வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய் எல்லாம் வழி தாங்கும். வடையை மட்டும் கைப்பையில் வையுங்கோ, நொருங்கிவிடும். தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கின செபமாலைத் துறவியரின் ஆச்சிரமத்து நெல்லிரசம் அதிகம் பேருக்குத் தோன்றாத நல்ல பரிசு. கண்ணாடிப் போத்தல் என்பதால் சாரத்தில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும்.

காசு அதிகம் செலவழிக்காமல் மனதைத் தொடுகிற பொருளும் உண்டு. கொக்குவிலில் அச்சாகிற இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு சின்னப் புத்தகம்தான். விரதமும் திவசமும் பார்க்கிற வீட்டில் வருடம் முழுக்க ஒரு நாள் தப்பாமல் புரட்டப்படும். நல்லூரில் ஒரு ரூபாய்க்கு அர்ச்சனைச் சீட்டு எடுத்து, பரிசைப் பெறப்போகிறவர்களின் பெயர் நட்சத்திரம் சொல்லிச் செய்வித்து, அந்தத் திருநீற்றை மடித்துக்கொண்டு போங்கோ. வயதானவர்கள் அதை வாங்குகிறபோது முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். புத்தகமும் வாங்குங்கோ. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிந்த ஊர் இது. இங்கே எழுதி இங்கே அச்சிட்ட ஒரு ஊர் வரலாற்றையோ சிறுகதைத் தொகுதியையோ கொண்டுபோய் ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பது பெரிய காரியம்.

கொண்டு போகக் கூடாததையும் சொல்ல வேண்டும். கடலாமை ஓடு, பவளப்பாறைத் துண்டு எந்தக் கடற்கரையில் விற்றாலும் தொடாதேங்கோ, சட்டப்படி குற்றம், கடலுக்கும் கேடு. பழைய ஏட்டுச்சுவடி, கோயில் விளக்குப் போன்ற பழம்பொருட்களை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. வீட்டில் சுவடி இருந்தால் 2005இல் இருந்து ஈழத்து எழுத்துகளை மின்வடிவாக்கிவரும் நூலகம் நிறுவனத்தாரிடம் கதையுங்கோ. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை இங்கேயே வயிறாரச் சாப்பிடுங்கோ, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குத் தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் அது உள்ளே போகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பயணப்பெட்டியில் இறைச்சியும் பாற்பொருளும் கூடாது. அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் உணவையும் ஓலை, மரப் பொருட்களையும் பயணிகள் அட்டையில் ஒளிக்காமல் எழுதுங்கோ. பிறந்த வளவில் ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு போக ஆசைப்படுகிற ஆக்களை எனக்குத் தெரியும். அந்த ஆசை எனக்கு முழுக்க விளங்கும், ஆனால் மண்ணைத்தான் அந்த நாடுகள் கடுமையாகத் தடுக்கின்றன.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் வளவில் பனை நின்றால், வந்து இறங்கின முதல் கிழமையே ஓலை வெட்டுவித்து, ஊரில் இழைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கோ. ஓலை காய, வார, இழைக்க நாள் எடுக்கும், ஆகவே கடைசி நேரத்துக்கு வைக்காதேங்கோ. கூலியில் பாதியை முன்கூட்டியே கொடுங்கோ. எத்தனை பெட்டி, என்ன அளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு நல்லூருக்குப் போய் வாங்கோ. எடுக்கும்போது இழைத்தவரின் பெயரையும் ஊரையும், பொருளின் தமிழ்ப் பெயரையும் கேட்டு ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் கட்டிவிடுங்கோ. அவருடைய தொலைபேசி இலக்கத்தை நீங்கள் வைத்திருங்கோ, அங்கே ஒரு பெட்டியைப் பார்த்தவர் நிச்சயம் இன்னொன்று கேட்பார்.