எலுமிச்சைத் தோலில் ஒரு சிவப்புப் புள்ளி

எலுமிச்சம்பழத்தின் தோலை உற்றுப் பாருங்கள். சில பழங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். நகத்தால் சுரண்டினால் கழன்று வரும். அழுக்கு என்று நினைப்பீர்கள். இல்லை, அது ஒரு பூச்சி!

"பூச்சின்னா கால் எங்கே? இறக்கை எங்கே?"

நல்ல கேள்வி. இதன் பெயர் சிவப்புச் செதில் பூச்சி. குஞ்சாக இருக்கும்போது இதற்குக் கால் உண்டு. ஊர்ந்து போய் ஓர் இடத்தில் உட்காரும். ஊசி போன்ற வாயைக் குத்தி உணவை உறிஞ்சும். தன் மேல் ஒரு மூடியும் கட்டிக்கொள்ளும். பெண் பூச்சி அதன் பிறகு எங்கேயும் போகாது. கால்கூட மறைந்துவிடும்! அங்கேயே சாப்பாடு, அங்கேயே வீடு. 100 முதல் 150 குஞ்சுகள் வரை போடும். ஆண் பூச்சிக்கு மட்டும் கடைசியில் இறக்கை முளைக்கும்.

ஆகவே, எங்கே உட்கார்ந்தது என்பது மிக முக்கியம். பழத்தின் மேல் உட்கார்ந்த பூச்சி பெரிதாக வளரும். இலையில் இருப்பது அதைவிடச் சிறியது. கிளையில் இருப்பது இன்னும் சிறியது. மரமும் முக்கியம். எலுமிச்சையில் இது நன்றாகப் பிழைக்கும். மாண்டரின் மரத்தில் அவ்வளவாகப் பிழைக்காது.

"அப்போ, பெருசா வளர்ந்தா பூச்சிக்கு நல்லதுதானே?"

அங்கேதான் ஆபத்து! அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைய உண்டு. இந்தப் பூச்சி அதிகமானால் இலை உதிரும், கிளை காயும். அதனால் 1956, 1957 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஒரு மஞ்சள் குளவியை அங்கே கொண்டுபோனார்கள். குளவி என்றதும் பயப்படாதீங்க. இது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான்.

தாய்க் குளவி செதில் பூச்சியின் மேல் நடந்து, உணர்கொம்பால் தட்டித் தட்டி அளக்கும். பூச்சி பெரியதா? மூடிக்கு அடியில் மகள் முட்டை வைக்கும். சிறியதா? மகன் முட்டை! முட்டையிலிருந்து வரும் புழு செதில் பூச்சியைத் தின்று வளரும்.

சீனாவிலிருந்து வந்த வேறொரு குளவி அங்கே முன்பே இருந்தது. ஆனால் கடலுக்குத் தூரமான தோட்டங்களில், சில ஆண்டுகளிலேயே புதிய குளவி அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஏன்? ராபர்ட் லக், ஹகாய் பொடோலர் என்ற இருவர் 1985-இல் விளக்கினார்கள். சீனக் குளவி மகள் முட்டை வைக்க மிகப் பெரிய பூச்சியைத் தேடும். புதிய குளவிக்குக் கொஞ்சம் சிறிய பூச்சியே போதும். அதனால் அதற்கு மகள்கள் அதிகம். முட்டை வைப்பது மகள்கள்தானே!

ஆனாலும் சிவப்புச் செதில் பூச்சி முழுவதும் அழியவில்லை. மரத்தின் உள்ளே, தடித்த கிளைகளில் குட்டிக் குட்டிப் பூச்சிகள் பல தப்பிவிடுகின்றன.

சொல்லும் பொருளும்
செதில் – மீனின் உடம்பில் உள்ளது போன்ற சிறு தகடு
உணர்கொம்பு – பூச்சியின் தலையில் உள்ள மெல்லிய கொம்பு

பேசுவோம்
1. கிளையில் இருக்கும் பூச்சி ஏன் தப்பிக்கிறது?
2. "பயப்படாதீங்க" – இதை எழுத்துத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்?
3. வீட்டில் உள்ள ஒரு பழத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கண்டதை மூன்று வரிகளில் எழுதுங்கள்.